டன்ஸ்டன் கேட்ட கருவாடு

எங்கள் ஊரில் செத்துப்போனவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள கஸில்டாவிடம்தான் போவார்கள். அவள் என் சித்தி மகள். கரீபியன் கடலில் கிடக்கிற எங்கள் காரியாக்கூ தீவில் செத்தவர்கள் சும்மா கிடப்பதில்லை. கனவில் வந்து பசிக்கிறது என்பார்கள், கல்லறைக்குக் கல் எப்போது வைப்பாய் என்பார்கள், என்னை ஏன் மறந்தாய் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சொந்தப் பிள்ளைகளின் கனவுக்கு வழி தெரியாதவர்கள் எல்லாரும் கஸில்டாவின் கனவுக்கு வந்துவிடுவார்கள். காலையில் எழுந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். "உங்கப்பா வந்தாரு. ஆடு கேக்கிறாரு." அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் அங்கே ஆடு வெட்டி, அரிசி வடித்து, பெரிய மேளம் அடித்துப் படையல் நடக்கும்.

அந்தப் படையல்களுக்கெல்லாம் சமைத்தவள் நான்தான். இரண்டு அடுப்பு மூட்டுவேன். பெரிய பானை வந்தவர்களுக்கு. உப்பு, மிளகாய், பச்சிலை எல்லாம் அதில் உண்டு. சின்னப் பானை போனவர்களுக்கு. அதில் ஒரு கல் உப்பு விழக்கூடாது. செத்தவர்கள் உப்புத் தின்னமாட்டார்கள், எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, உப்பில்லாத சோறும் கறியும் தட்டில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம்.

அடுப்படியில் நிற்பவளுக்குத் தெரியாத சங்கதி ஏது? மழை பொய்த்து, சோளம் கருகி, ஊர்ப் பிள்ளைகள் வெறும் களியைத் தின்று வயிறு ஒட்டித் திரிகிற மாதங்களில்தான் கஸில்டாவுக்குக் கனவு வரும். வருகிறவர்களும் விவரமானவர்கள். கொழுத்த ஆடு நிற்கிற வீட்டின் அப்பனாகவோ ஆத்தாளாகவோதான் இருப்பார்கள். ஆடில்லாத வீட்டு ஆவிகள் கௌரவமாக அடங்கிக் கிடக்கும். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பிள்ளைகளும்தானே பட்டினி கிடந்திருக்கும்.

கஸில்டாவின் புருஷன் அருபா தீவுக்குப் பெட்ரோல் ஆலை வேலைக்குப் போனவன். அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவள் கரி சுட்டுப் பிழைத்தாள். மேட்டுக்காட்டில் கட்டை வெட்டி, குழியில் அடுக்கி, மேலே மண் மூடி, புகையைப் பார்த்தபடி இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடப்பாள். ஒரு கண் அசந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். அந்தப் புகை அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. இருமிக்கொண்டே கோபப்படுவாள், கோபப்பட்டுக்கொண்டே இருமுவாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டன்ஸ்டன், அடுத்தது வெர்னா. டன்ஸ்டன் பாய்க்கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பையன்களுக்கு வேறு என்ன இருக்கிறது? டிரினிடாடுக்கு ஆட்டையும் துவரையையும் ஏற்றிக்கொண்டு போய், அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு முறை போன கப்பல் வரவில்லை. சில பலகைகள் மட்டும் கிரனடா பக்கம் ஒதுங்கியதாகச் சொன்னார்கள். ஆள் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை.

அந்தக் கப்பலில் போன மற்ற பையன்களின் வீட்டில் அழுது, ஜெபம் சொல்லி, படையல் போட்டார்கள். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் மாவிஸ் தன் மகன் கத்பர்ட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் தட்டு வைக்கத் தவறியதில்லை. கஸில்டா வைக்கவில்லை. ஊருக்கே செத்தவர்களின் சேதி சொல்கிறவள், தன் மகனைப் பற்றிக் கேட்டால், "அவன் என் கனவுல வரலை. வந்தாத்தானே செத்தான்னு சொல்லலாம்?" என்பாள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஊரில் அவள் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

அப்போது வெர்னாவுக்குப் பாவாடை முழங்காலுக்கு மேல் நிற்கிற வயது. அண்ணன் போன மறுவாரமே அவன் கட்டி மேய்த்த ஆடுகள் அவள் கைக்கு வந்தன. தண்ணீர் வாளி தலைக்கு வந்தது. விடியலில் ஆடு, அப்புறம் கிணறு, அப்புறம் பள்ளிக்கூடம், மாலையில் கரிக்காட்டுக்கு அம்மாவின் சோறு. அவள் வயதுக்கு வந்ததைக்கூட கஸில்டா கவனிக்கவில்லை. நான்தான் துணி கொடுத்து, பின்கட்டில் உட்காரவைத்து, சொல்லவேண்டியதைச் சொன்னேன். விஷயத்தை கஸில்டாவிடம் சொன்னபோது அவள் மகளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே பெரிய வாளிய எடுத்துக்கோ," என்றாள். எனக்கு அவளை நாலு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னத்தைச் சொல்ல?

அம்மாவும் மகளும் சண்டை போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சண்டை போடத் தெம்பு வேண்டும். சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கிண்ணம் களியைத் தின்பார்கள். இவள் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், அவள் இவள் முகத்தைப் பார்க்கமாட்டாள். மாதாகோயில் திருநாளுக்கு நடனமாடப் போகட்டுமா என்று வெர்னா கேட்டால், "போ, காலு இருந்தா ஆடு," என்பாள் கஸில்டா. கேட்டவள் போகமாட்டாள். போய்ப் படுத்துக்கொள்வாள். பதினாறு வயதுப் பெண் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள் என்றால் அந்த அலுப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

அவளுக்கு நல்ல மண்டை. கிளினிக் நர்ஸுக்குச் சனிக்கிழமைகளில் கட்டுத் துணி அவித்துக் கொடுக்கப் போனவள், கொஞ்சநாளில் புண் கழுவினாள், காய்ச்சல் பார்த்தாள், பிரசவத்துக்கு விளக்குப் பிடித்தாள். நர்ஸம்மா யாரிடமோ பேசி, டிரினிடாடில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அங்கேயே. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு. அதைச் சொல்ல வந்தபோது வெர்னா என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா விடமாட்டா பெரியம்மா."

"ஏன் விடமாட்டா? வாயத் தொறந்து கேளுடி."

"கேட்டேன். தாத்தா கனவுல வந்தாராம். படகுக்கடியில தண்ணி கறுப்பா கெடந்துச்சாம். போகவேண்டாம்னு சொன்னாராம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் யாரும் தூர தேசம் போவதென்றால் முதலில் பெரியவர்களுக்குப் படையல் போட்டு உத்தரவு வாங்கவேண்டும். அது இல்லாமல் எந்தக் கப்பல்காரனும் ஆளை ஏற்றமாட்டான், ஏற்றினால் அவன் கப்பலுக்கு ஆகாது. போகவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதாக ஒரு வார்த்தை போதும். பெண் இந்தத் தீவை விட்டு அசையமுடியாது. கஸில்டா எப்போதும் ஊருக்காகக் கனவு கண்டவள், முதல் முறையாகத் தன் வீட்டுக் கதவைப் பூட்டுவதற்குக் கனவு கண்டிருக்கிறாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. டிரினிடாட் கடல்தான் மகனைக் கொண்டுபோனது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் அவன் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதனால் பாவம், செத்த அப்பனை எழுப்பிக் கூட்டிவந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் துவரை உரிக்க கஸில்டா வீட்டுக்குப் போயிருந்தேன். வெர்னா ஆடு கட்டிவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். முகம் கழுவவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா, அண்ணன் வந்தான்," என்றாள்.

கஸில்டாவின் கை துவரையில் அப்படியே நின்றது. "எங்க வந்தான்?"

"கனவுல. இந்தப் படியிலதான் ஒக்காந்திருந்தான். வெர்னாவ அனுப்பி வையின்னு அம்மாகிட்ட சொல்லுன்னான்."

நான் கஸில்டாவைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்த உயிர் வடிந்துவிட்டது. மகன் கனவில் வந்துவிட்டான். அவள் கனவில் இல்லை, மகள் கனவில். இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. மடியில் இருந்த துவரை தரையில் கொட்டியது. அதை அள்ளக்கூட அவள் குனியவில்லை. இப்படி ஆகும் என்று வெர்னா நினைக்கவில்லை போலும், பதறிப்போய்ப் பேசிக்கொண்டே போனாள்.

"நல்லாத்தான் இருந்தாம்மா. அந்த நீலச் சட்ட போட்டிருந்தான். பசிக்குதுன்னான். கருவாடு வறுத்துத் தாடின்னான், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, அவனுக்குப் பிடிக்குமே, அந்த மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லத் தெரியாத பெண், பொய்யை நிஜமாக்குவதற்கு அண்ணனைப் பற்றித் தனக்குத் தெரிந்த நிஜத்தை அதில் போட்டுவிட்டாள். டன்ஸ்டன் இருந்தபோது கருவாடு என்றால் உயிரை விடுவான். ஆனால் எந்தச் செத்தவன் வந்து கருவாடு கேட்பான்? கருவாடு முழுக்க உப்பு. இப்போது விழப்போகிறது அறை என்று காத்திருந்தேன்.

கஸில்டா மெதுவாக எழுந்தாள். "என்ன கேட்டான்?"

"கருவாடு." சொல்லும்போதே வெர்னாவுக்கும் உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கருவாடா கேட்டான்? உப்பா கேட்டான்?" கஸில்டா மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. "யூலாக்கா, கேட்டியா? உப்புக் கேட்டானாம். செத்தவன் கேப்பானா? எம்புள்ள உயிரோட இருக்கான் அக்கா! நான்தான் சொன்னேனே, நான்தான் சொன்னேனே!" என்று சொல்லிச் சொல்லி இருமினாள்.

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் கொட்டிக்கிடந்த துவரையை அள்ளினேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது, டன்ஸ்டன் உப்புக் கேட்ட சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. தாத்தாவும் கறுப்புத் தண்ணீரும் போன இடம் தெரியவில்லை. வெர்னா டிரினிடாடுக்குப் போகத்தான் வேண்டும், போனால்தானே அண்ணனைத் தேடலாம். கஸில்டா தன் கடாவையே வெட்டச் சொன்னாள். டன்ஸ்டன் வீட்டில் விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்து, மகளின் பெட்டியில் மேலாக வைத்தாள். வேலைக்கு நடுவே பாடம் வேறு சொல்லிக்கொடுத்தாள். "துறைமுகத்துல கேளு. தலையில அடிபட்டு பேரு மறந்திருக்கும். இல்ல ஏதாச்சும் பொம்பளைகிட்ட மாட்டியிருப்பான், அப்பன் புத்தி. அம்மா திட்டமாட்டான்னு சொல்லு, என்ன?" வெர்னா தலையாட்டுவாள். தலையாட்டித் தலையாட்டியே அவள் மெலிந்துபோனாள். ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை அவளுக்கு.

நான் ஒரு நாள் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். "ஏண்டி, சொல்லப்போறியா, அப்படியே கப்பல் ஏறப்போறியா?"

"சொன்னா விடமாட்டா."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி சாகிறவரைக்கும் காத்துக்கிட்டிருப்பா," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கழுத்து ஆடவில்லை. நானும் அவளுக்கு வழி எதுவும் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

படையல் நாள் வந்தது. மறுநாள் விடிந்ததும் ஹில்ஸ்பரோ துறையிலிருந்து கப்பல். கஸில்டா வீட்டுப் பின்கட்டில் மும்மூன்று கல் கூட்டி இரண்டு அடுப்பையும் மூட்டினேன். பெரிய பானையில் ஆட்டுக்கறி கொதித்தது. சின்னப் பானையில் தாத்தாவுக்கும் மற்ற பெரியவர்களுக்கும் கொஞ்சம் அரிசி போட்டிருந்தேன். ஒரு மூலையில் தனி அடுப்பில் கஸில்டா தன் கையாலேயே கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அது மகன் கேட்டதாம், வழியில் கெடாமல் வெர்னா எடுத்துப் போகவேண்டுமாம். தீவுக்கே மணந்தது.

அப்போதுதான் மாவிஸ் வந்தாள். திருநாளுக்கு உடுத்துகிற வெள்ளை உடுப்பு போட்டிருந்தாள். கஸில்டாவிடம் போகவில்லை, நேரே வெர்னாவிடம் வந்தாள். துவரை அரித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"கண்ணு, ஒன்னு கேக்கட்டா? டன்ஸ்டன் வந்தான்ல, அவன் பக்கத்துல யாரும் நின்னாங்களா? என் கத்பர்ட் நின்னானா? அவங்க ரெண்டு பேரும் ஒன்னாத்தானே இருப்பாங்க எப்பவும்."

வெர்னா துவரையை அரித்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா நினைச்சுப் பாரு. நான் மடச்சி, இத்தனை வருஷமா அவனுக்கு உப்பில்லாத சோறு வெச்சிட்டேன். உயிரோட இருக்கிறவனுக்குப் படையல் போட்டுட்டேனே. அதனாலதான் அவன் திரும்பி வரலையோ என்னவோ."

அவள் அதைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்டாள். வெர்னாவின் கை சட்டிக்குள் அப்படியே கிடந்தது. "எனக்குத் தெரியல மாவிஸ் அத்தை," என்றாள் கடைசியில். மாவிஸ் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, மேளக்காரர்களுக்கு ரம் கொடுக்க முன்பக்கம் போனாள்.

அவள் தலை மறைந்ததும் வெர்னா எழுந்தாள். ஈரக்கையைத் துடைக்காமலே அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நான் கனவு காணலை."

கஸில்டா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"அண்ணன் வரலைம்மா. நானாத்தான் சொன்னேன். நீ விடமாட்டேன்னதும் என்ன செய்யிறதுன்னு தெரியல. கருவாடுன்னு வாயில வந்துருச்சு. அவனுக்குப் பிடிக்கும்ல, அதனால வந்துருச்சு."

கஸில்டா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாள். அவசரமே இல்லை. பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்தாள். அவளுடைய கன்னத்து எலும்பு அப்படித் துருத்திக்கொண்டு நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருமல்கூட வரவில்லை. மகளைப் பார்த்து, "நான் மட்டும் என்ன, கண்டேனா?" என்றாள்.

வெர்னாவுக்குப் புரியவில்லை.

"ஊருல இருக்கிற அத்தனை பேரோட அப்பனும் ஆத்தாளும் வந்தாங்கன்னு சொன்னேனே, ஒருத்தராச்சும் வந்திருக்காங்களா? படுத்தா கட்ட மாதிரி தூங்குவேன். இந்தக் கரிக்காட்டுல நின்னுட்டு வந்து எவளுக்குக் கனவு வரும்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்காவுக்குத் தெரியும். இல்லக்கா?"

"தெரியும்," என்றேன். கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"அவனாச்சும் வரமாட்டானான்னு பாத்தேன். வந்துட்டா செத்துட்டான்னு பயம். வரலைன்னா வரலையேன்னு ஏக்கம். நீ வந்து சொன்னதும்..." மகளின் ஈரக்கையைப் பிடித்துத் தன் பாவாடையிலேயே துடைத்துவிட்டாள். வெர்னா பிறந்ததிலிருந்து கஸில்டா அந்த மாதிரி ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

"மாவிஸ்கிட்ட நான் போய்ச் சொல்லிக்கிறேன்," என்றாள். "நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் ஆசையில கருவாடுன்னு தப்பாக் காதுல வாங்கிட்டேன்னு சொல்றேன். உன் பேரு இதுல வரவேண்டாம்."

வெர்னா அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் போகலைம்மா. கப்பல்காரர்கிட்ட சொல்லிடலாம்."

"ஏன் போகலை? கடாவ வெட்டியாச்சு, ஊரே வந்து ஒக்காந்திருக்கு. என்னத்தச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்றே?" வழக்கமான சிடுசிடுப்பு திரும்பி வந்துவிட்டது. ஆனால் மகளின் கையை அவள் விடவில்லை. "போ. போய்ப் படி. எனக்குப் பயமாத்தான் இருக்கு, இருக்கட்டும். அந்தத் தண்ணியப் பாத்தா எனக்கு என்னைக்கும் பயம்தான். அதுக்காக உன்னையும் இந்தக் குழிக்குள்ள மூடி வெக்க முடியுமா?"

முன்பக்கத்தில் மேளத்துக்குத் தோலை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்கள். படையல் நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம். வெர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு அரித்த துவரையை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். கஸில்டா கட்டையிலிருந்து எழ முயன்றாள். முதல் தடவை முடியவில்லை. மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

எழுந்து நின்றவள் சின்னப் பானையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல இன்னொரு ஆளுக்கு அரிசி போடு."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் கை அரிசிக் கூடையில் இருக்கும்போதே கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது.

"நெறையப் போடு," என்றாள் கஸில்டா. "அவன் நல்லாத் திம்பான். இத்தனை வருஷமும் எம்புள்ள பசியோடல்ல கெடந்திருக்கான். மாவிஸ் மகன் தின்னும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பானே அக்கா, நான் ஒரு வாய் வெக்கலையே."

வெர்னா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.